உளி பிடித்த கைகள்: மலாய்த் தோட்டங்களில் நம் முன்னோர் கற்ற தொழிலும் அவர்க்கு எட்டாத கல்வியும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கடல் கடந்து தொழில் புரிந்த நம் முன்னோரை நினைவு கூர்தல் நம் கடமையாகும். தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு, வடஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம் ஆகிய மாவட்டங்களின் சேரிகளில் 'பினாங்கு', 'மலாய்ச் சீமை' என்னும் சொற்களைக் கேட்டு வளராத குடும்பங்கள் குறைவு. பாட்டனோ, பாட்டனின் உடன்பிறந்தாரோ அங்குச் சென்றார் என்பர். சென்றவர் என்ன தொழில் செய்தார் என்று வினவினால், 'கூலி வேலை செய்தார்' என்ற ஒரே விடைதான் கிடைக்கும்.

கூலி என்பது ஊதியத்தின் பெயர், தொழிலின் பெயரன்று. உழைத்தவனின் தொழிலை மறைத்து, அவன் பெற்ற ஊதியத்தை மட்டும் அவனுக்குப் பெயராகச் சூட்டியது அக்காலம். கப்பல் பதிவேடுகளும் தோட்டக் கணக்குகளும் அவ்வாறே எழுதின. நாமும் அதையே திருப்பிச் சொல்லி வருகின்றோம். அவர்கள் அயல்நாட்டில் புதிதாகக் கற்றுத் தேர்ந்தது ஒரு நுண்தொழில். அத்தொழிலின் தன்மை யாது, அதில் தேர்ந்தும் அவர்கள் உயராமற் போனது ஏன் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரை விட்டுப் புறப்பட்டமை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்குச் சொந்த நிலம் இல்லை. பண்ணையாளாகவும் படியாளாகவும் பிறர் நிலத்தில் உழைத்தனர். தந்தை வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பான், கடன் தீராது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம், இருந்த சிறு பிடிப்பையும் அறுத்தெறிந்தது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் நேட்டாலுக்கும் மக்கள் சென்றதற்கு அடிப்படை இதுவே.

மலாயாவுக்கு முதலில் ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் சேர்த்தனர். குறித்த ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடக்க வேண்டும். மீறினால் தண்டனை உண்டு. இம்முறை 1910ஆம் ஆண்டில் அங்கு முடிவுக்கு வந்தது. அதனினும் பரவலாகியது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் துரையின் உரிமத்துடன் தம் ஊருக்கே திரும்பி வந்து, உற்றார் உறவினரையும் சுற்றுவட்டாரத்தாரையும் திரட்டிச் செல்வார். 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் பணம் தண்டி, செல்வோரின் கப்பற் செலவை ஏற்றுக்கொண்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் மருத்துவச் சோதனை முடித்து அவர்கள் கப்பலேறினர். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல் தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. ஒரு பாயும் ஒரு மூட்டையும் விரிக்கும் இடமே ஒருவர்க்குரிய இடம்.

அவ்வாறு சென்றோருள் கணிசமான பகுதியினர் ஆதித்திராவிட மக்கள். தோட்ட முதலாளிகள் அவர்களை விரும்பி ஏற்றதற்குக் காரணம், அவர்கள் அடங்கி நடப்பர், குறைந்த ஊதியத்துக்கு உழைப்பர் என்ற எண்ணமேயன்றி, அவர்தம் திறமையின்மீது கொண்ட மதிப்பன்று. ஆயினும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையோ திறமையின்றி ஒரு நாளும் நடவாத வேலை.

மரம் வந்த கதை

ரப்பர் மரம் மலாயாவின் மரமன்று. அது தென் அமெரிக்காவின் அமேசான் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அக்கன்றுகளுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தவை வெறும் 22 கன்றுகள்.

மரம் வளர்ந்தது, அதனிடமிருந்து கேடின்றிப் பால் எடுக்கும் வழி எவர்க்கும் தெரியவில்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். அதனால் பட்டை காயமுற்று மரம் கெட்டது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற எச். என். ரிட்லி, பல ஆண்டுகள் ஆய்ந்து, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். காப்பி விலை வீழ்ந்து நொந்திருந்த தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பார் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்டார். மோட்டார் வண்டிகள் பெருகவே, 1910இல் ரப்பரின் விலை இலண்டன் சந்தையில் இராத்தலுக்கு 12 ஷில்லிங்கையும் கடந்தது. 1920 அளவில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து சென்றது.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். 1900ஆம் ஆண்டையொட்டி இத்தொழில் அனைவர்க்கும் புதியது. மேற்பார்க்க வந்த துரைக்கும் புதியது. வெட்ட வந்த நம்மவர்க்கும் புதியது. துரைக்கு நூல்களும் ஆய்வறிக்கைகளும் துணை நின்றன. நம்மவர்க்குத் துணை நின்றவை கண்ணும் கையுமே. ஏர் பிடித்தும் நாற்று நட்டும் பழகிய கைகள், தாம் அதுவரை கண்டறியாத ஒரு மரத்தின் பட்டைக்குள் இருப்பதை உணர்ந்தறியப் பழகின.

உளியின் கல்வி

தோட்டத் தமிழில் ரப்பர் மரம் பால்மரம் எனப்படும். அதை வெட்டும் கருவி உளி. பால் ஏந்தும் கோப்பை மங்கு. ஒருவர்க்கு ஒதுக்கப்படும் மரவரிசை நிரை.

பால் ஊறும் நுண்குழல்கள் மரத்தின் உட்பட்டையில் அமைந்துள்ளன. உள்ளே செல்லச் செல்ல நெருக்கமாகின்றன. அவற்றுக்கும் உட்புறத்தே, மரத்தை வளரச் செய்யும் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. உளி அப்படலத்தைத் தொடாமல், அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, பின்னர் அவ்விடத்தில் வெட்டவே இயலாது. ஒவ்வொரு முறையும் சீவும் பட்டையின் கனமும் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டியதே. கனமாகச் சீவினால், பல்லாண்டு பயன்தர வேண்டிய பட்டை சில ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடும்.

வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, 25 முதல் 30 பாகை வரை சாய்ந்து செல்லும். பட்டையிலுள்ள பாற்குழல்கள் நேர்க்குத்தாக இன்றிச் சற்றே சுற்றிச் செல்வதால், இவ்வாறு சாய்த்து வெட்டினால்தான் மிகுதியான குழல்கள் திறக்கும். இக்காரணத்தை நம்மவர்க்கு எவரும் விளக்கவில்லை. எனினும் அச்சாய்வு அவர்கள் கையில் படிந்தது.

வேலை விடியுமுன் தொடங்கும். இரவின் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் வற்றும். ஆதலால் இருளிலே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, விளக்கொளியில் நிரைக்குச் சென்று, ஏறத்தாழ 300 முதல் 400 மரங்களை முற்பகலுக்குள் வெட்டி முடிப்பர். ஒரு மரத்துக்குக் கிடைப்பது அரை நிமிடமே. அதற்குள் முதல் நாள் வெட்டில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்து, மங்கைத் துடைத்து வைத்து, சீவி, பால் வழியைச் சரி செய்து அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். பின்னர் வந்த வழியே திரும்பி, மங்குகளிலுள்ள பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு நிறுவைக் களம் அடைவர். பட்டை நனைந்திருந்தால் பால் வழி தவறி ஓடிவிடும். ஆதலால் மழை பெய்த காலை, வெட்டும் இல்லை. பல இடங்களில் அன்றைய வருவாயும் இல்லை.

ஆலையில் பாலை வடிகட்டி, நீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறையச் செய்வர். உறைந்த கட்டியை உருளைகளில் கொடுத்துத் தகடாக்கிப் புகைக்கூடத்தில் சில நாள் உலர்த்துவர். அமிலத்தின் அளவு மிகினும் குறையினும் சரக்குக் கெடும். சூடு தப்பினும் தகட்டின் தரம் தாழும். இவ்வேலைகளையும் நம்மவர் செய்தனர்.

உடற்கூற்றறிவும் கைத்திறனும் காலக்கணக்கும் ஒருங்கே வேண்டும் இத்தொழில் தொழில்நுட்பமன்றி வேறென்ன? இத்தொழிலைப் பெண்கள் ஆண்களுக்கு நிகராகச் செய்தனர் என்பதையும் மறத்தலாகாது. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, இருளில் உளியுடன் சென்ற நம் பாட்டிமார், அதே மரத்தை அதே அளவு நுணுக்கத்துடன் வெட்டினர். ஆயினும் 1928இல் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு.

லயத்து வாழ்வு

புதிய மண்ணில் குடியேறியோர்க்கு முதற்பகை காய்ச்சல். காடழித்த இடங்களில் மலேரியா பரவி உயிர்களை வாரிச் சென்றது. 1901 முதல் கிள்ளான் பகுதியில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கிய பின்னரே தோட்டங்களில் சாவு படிப்படியாகக் குறைந்தது.

குடியிருப்பு, லயம் எனப்பட்ட நீண்ட வரிசை வீடு. ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் அறை. எல்லைக்குள்ளேயே கடை, கோயில், கள்ளுக்கடை எல்லாம் இருந்தன. உழைத்த காசைக் கள்ளுக்கடை திரும்பப் பெற்றுக்கொண்டது என்பது அந்நாளைய சீர்திருத்தவாதிகள் அனைவரும் கூறிய குறை.

சாதியும் கப்பலேறி வந்தது. கங்காணி தம் ஊராரையும் தம் இனத்தாரையும் சேர்த்து வந்ததால், ஊரின் கட்டுப்பாடு தோட்டத்திலும் தலை காட்டியது. நம்மவர்க்குத் தனி லயம் ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன; கோயில் விழாவில் ஒதுக்கி நிறுத்திய தோட்டங்களும் இருந்தன. எனினும் ஊரில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. பெரட்டுக் களத்தில் அனைவரும் ஒரே வரிசையில் நின்றனர். அனைவர் கையிலும் ஒரே உளி. அனைவர்க்கும் ஒரே அளவு நிரை. எவருடைய மரம் மிகுதியாகப் பால் தந்தது என்பதே அங்குப் பேச்சு. பிறப்பினால் தாழ்ந்தவன் எனப்பட்டவன் வெட்டில் சிறந்து நிற்பதை ஊரார் அனைவரும் நாள்தோறும் கண்டனர். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தை பெரியார் மலாயா சென்றபோது அவருக்குக் கிட்டிய வரவேற்பும், 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இதழும் இத்தகைய மண்ணில்தான் வேர் ஊன்றின.

தராசின் முன்

இத்துணைத் திறமை பெற்றிருந்தும் நம்மவர் ஏன் உயரவில்லை? விடை நிறுவைக் களத்தில் இருக்கின்றது.

வெட்டியவர் வாளியைத் தராசில் வைப்பார். கிராணி எடையைப் படித்து ஏட்டில் குறிப்பார். பாலில் முப்பது முதல் நாற்பது விழுக்காடு வரையே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். ஆதலால் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அதில் காணும் அளவைக் கொண்டு ரப்பரின் பங்கைக் கணக்கிடுவர். எடையும் அளவும் சேர்ந்து எழுதப்படும் எண்ணைச் சார்ந்தே வெட்டியவரின் பெயர் நிற்கும். எடைக்கூலி முறையில் அவர் ஊதியமும் அதனையே சார்ந்தது.

பட்டையினுள் ஒரு மில்லிமீட்டரைக் கண்ணால் காணாமலே கையால் அறிந்தவர், தம் கண்ணெதிரே நின்ற மிதவைக் கருவியின் கோட்டைப் படிக்க அறியாதவராய் நின்றார். எழுதியது சரியா, தவறா என்று கேட்க அவரிடம் எழுத்து இல்லை. கிராணி நேர்மையாளராக இருந்தால் அவர் நற்பேறு. இல்லையேல் அவர் விதி. ஒருவனுடைய ஊதியம் மற்றொருவனுடைய நேர்மையைச் சார்ந்திருக்குமாயின், அவன் எத்துணைத் திறமையுடையவனாயினும் உரிமையுடையவன் ஆகான்.

கிராணிப் பணியில் மலையாளிகளும் இலங்கைத் தமிழரும் மிகுந்திருந்தனர். இருப்புப்பாதை, அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் யாழ்ப்பாணத் தமிழர் மிகுதியாக அமர்ந்தனர். அவர்கள் பிறவியிலேயே அறிவாளிகள் என்பதனால் அன்று. யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் பள்ளிகளும் சைவர் பள்ளிகளும் ஆங்கிலம் கற்பித்தன. கற்றவர் கையில் எழுதுகோலுடன் கப்பலேறினர். நம்மவர் வெறுங்கையுடன் ஏறினர். கடலுக்கு அப்பால் யார் எங்கே அமர்வது என்பது, கடலுக்கு இப்பால் யார் பள்ளியில் அமர்ந்தார் என்பதனால் முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டது.

பள்ளியும் கூட்டுறவும்

1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டுமென விதித்தது. பள்ளிகள் எழுந்தன; ஆனால் அவற்றுள் பல பெயரளவின. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியராவார். பத்துப் பன்னிரண்டு வயதானதும் பிள்ளை தாயுடன் ஒட்டுப்பால் பொறுக்கச் செல்லும். அவ்வாறாயினும் அப்பள்ளிகளே தமிழைக் காத்தன. மலேசியாவில் இந்நாளிலும் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன என்றால், அதன் அடித்தளம் தோட்டத்துக் கொட்டகையே.

1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தபோது பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் கூலித் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்-பர்மா இருப்புப்பாதை அமைக்கத் தோட்டத் தமிழரைப் பெருந்தொகையாய்க் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்டவர்க்குக் கல்லறையும் இல்லை.

1957இல் மலாயா விடுதலை பெற்றது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற்றே உழைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்நாட்டிலேயே முதுமை எய்தியவர்கள் பலரிடம் பிறப்புப் பத்திரமோ குடியுரிமைப் பத்திரமோ இல்லை. வாழ்நாள் முழுதும் மரத்தைப் படித்தவர்கள், ஒரு தாளைக் காலத்தில் படித்து மனுச் செய்யாமையால் அந்நியராயினர். பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர்.

இவ்விருளுக்கிடையே ஒளி ஒன்றும் உண்டு. ஆங்கிலத் துரைமார் தோட்டங்களைத் துண்டுகளாக்கி விற்றபோது தொழிலாளர் வீடிழக்கும் நிலை எய்தினர். அதைக் கண்ட வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால் வெட்டும் தொழிலாளர் திங்கள்தோறும் தம் கூலியிலிருந்து சிறு தொகை செலுத்தினர். அச்சிறு தொகைகள் சேர்ந்து தோட்டங்களை விலைக்கு வாங்கின. எந்த மரத்தைப் பிறர்க்காக வெட்டினரோ, அதே மரத்துக்குத் தாமும் பங்குதாரர் ஆயினர்.

இன்று கடல் கடப்போர்க்கு

இந்நாளில் நம் இளைஞர் துபாய்க்கும் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். பற்றவைப்பவராகவும் மின் பணியாளராகவும் பிட்டராகவும் பொறியாளராகவும் செல்கின்றனர். கப்பலுக்கு மாறாக விமானம்; கங்காணிக்கு மாறாக முகவர்; லயத்துக்கு மாறாகத் தொழிலாளர் விடுதி. 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தையொட்டி எழுந்த விதிகள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை ஓர் எல்லைக்கோடாகக் கொண்டன. அத்தேர்ச்சி இல்லாதவர் குறித்த சில நாடுகளுக்குச் செல்லத் தனி அனுமதி பெற வேண்டும். ஏட்டில் எழுதிய அவ்வெல்லைக்கோடு, நிறுவைக் களத்தில் கிராணிக்கும் நம் பாட்டனார்க்கும் இடையே இருந்த கோட்டின் தொடர்ச்சியே.

ஆதலின் கடல் கடக்க விரும்பும் இளைஞர் மூன்றை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, கைத்தொழிலைக் கற்கும்போதே அதன் காரணத்தையும் கற்க வேண்டும். கை மட்டும் அறிந்தவன் வேலைக்காரனாக நிற்பான். காரணமும் அறிந்தவன் கற்பிப்பவனாக உயர்வான். இரண்டாவது, தன் உழைப்பை அளக்கும் கருவியையும் தன் ஒப்பந்தத் தாளையும் தானே படிக்க வல்லவனாக வேண்டும். படியாத தாளில் இடும் கையெழுத்து, கைநாட்டுக்கு ஒப்பானதே. மூன்றாவது, சான்றிதழ், கடவுச்சீட்டு, ஒப்பந்தப் படி ஆகியவற்றின் நகலை வீட்டாரிடம் வைத்துச் செல்ல வேண்டும். பத்திரம் இல்லாமையால் ஒரு தலைமுறை பட்ட துன்பம் போதும்.

நம் கழகத்தின் உறுப்பினர்க்கும் ஒரு சொல். சிறு சந்தா என்ன செய்துவிடும் என்று ஐயுறுவோர் அத்தொழிலாளரின் கூட்டுறவை நினைக்க. பால் மரத்திலிருந்து பால் சொட்டுச் சொட்டாகத்தான் வடியும், மங்கு நிறையும், வாளி நிறையும். இக்கழகம் ஒரு மாணவனுக்குச் செலுத்தும் கட்டணமும், வாங்கித் தரும் நூலும் அத்தகைய சொட்டுக்களே.

நம் முன்னோர் கையில் உளி இருந்தது, எழுதுகோல் இல்லை. இரண்டையும் ஒரே கையில் கொடுத்து அனுப்புவதே அவர்க்கு நாம் செய்யும் நன்றிக்கடன். இனி எவரேனும் 'உன் பாட்டனார் மலாயாவில் என்ன செய்தார்?' என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், 'கூலி வேலை செய்தார்' என்று அவர்கள் தலை குனிய வேண்டா. 'பால்மரம் வெட்டும் தொழில்நுட்பம் அறிந்தவர்; ஒரு நாட்டின் செல்வத்தைத் தம் கையால் வடித்தவர்' என்று நிமிர்ந்து கூறுக. அதன்பின், 'நான் தராசையும் படிக்க அறிவேன்' என்று சேர்த்துக் கூறுக.